நூற்றிருபது சதுர அடி

பெட்டியைப் பிரித்தபோது
தெர்மாகோல் வெள்ளையாக இருந்தது.
எர்ணாவூர் வீட்டில் அத்தனை வெள்ளையாய்
வேறெதுவும் இல்லையென்று
அப்போதுதான் பார்த்தேன்.

பத்து மாதத் தவணை.
மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது.
'காத்துக்குமா டியூ கட்டணும்' என்றபடி
யேசுபாதம் கையெழுத்துப் போட்டார்.
டிரெய்லர் ஓட்டுகிறவர்.
துறைமுக கேட்டுக்கு முன்னால்
இன்ஜினை அணைக்காமல்
ஏழு மணிநேரம் நிற்பார்.
அந்தப் புகையில் ஒரு பங்கு
எங்கள் ஜன்னலுக்கும் வருவதை
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நூற்றிருபது சதுர அடிக்குத்தான் தாங்கும்
என்றிருந்தார் கடைக்காரர்.
கூடம் சேராது. சமையலறை சேராது.
ஷைனி தூங்கும் உள்ளறை மட்டும்.
கதவிடுக்கில் பழைய நைட்டியைச் சுருட்டி வைத்தேன்.
ஏசிக்கென்று விட்டிருந்த ஓட்டையை
ஏசி வாங்காமலேயே
அட்டை வைத்து டேப் ஒட்டினேன்.

முதல் இரவு
இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.
சிவப்பு.
கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல்
மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம்.
நூற்று எண்பது. நூற்று நாற்பது.
தொண்ணூறில் ஷைனி கைதட்டினாள்.
நாற்பதுக்கு வரும்முன் தூங்கிப்போனாள்.
நெபுலைசர் அதன் பையிலேயே கிடந்தது.
அவள் மூச்சில் அந்த விசில் இல்லை.
இல்லாத சத்தத்தைக்
காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு
ரெண்டு மணிவரை நான் படுக்கவில்லை.

மறுநாள் நெத்திலி வறுத்தேன்.
நிலக்கரி லாரி போனால்கூட
பத்து இருபதுதான் ஏறுகிறது,
என் வாணலிக்கு ஐந்நூறு தொட்டு அலறியது.
'உன் அடுப்புக்குத்தான்
மொதல்ல சீல் வைக்கணும்' என்றார்.
மீன் தீயும்வரை சிரித்தோம்.

எதிர்வீட்டு ரமீஜா
இருமும் பையனைத் தூக்கிவந்தாள்.
'ஆரிப்பை ஓரமா படுக்கப் போட்டுக்கவாக்கா.'
ஒரு குடம் தண்ணீர் கேட்கிற குரல்.
பிறகு மாடிவீட்டு இரட்டைப் பிள்ளைகள்.
கதவு திறக்கத் திறக்க எண் ஏறியது.
நான் எண்ணைப் பார்த்தேன்.
பிள்ளைகளைப் பார்க்கவில்லை.
ஒன்பதாம் நாள்
'இனிமே கூட்டியாராத ரமீஜா' என்றேன்.
'சரிக்கா' என்று
பாயைச் சுருட்டி எடுத்துப் போனாள்.
ஆரிப்பின் சின்னத் தலையணை மட்டும்
கட்டிலுக்கடியில் தங்கிவிட்டது.

தவக்காலத்து வியாழன், ராத்திரி ஒன்றரை.
கதவை யாரோ உடைக்கிறார்கள்.
நைட்டியைக் காலால் தள்ளிவிட்டு
கூடத்துக்கு வந்தால்
கண்ணுக்குள் ஊசி.
எந்தக் கம்பெனிக் குழாயோ.
தொண்டையைப் பிடித்து நெரிக்கிற நெடி.
வாசலில் ரமீஜா, இடுப்பில் பையன்.
'பிளாக்கே கீழ எறங்கிடுச்சு,
உங்களுக்கு இன்னும் வாடை தெர்லியா?'
கையிலிருந்த ஈரத்துண்டை
ஷைனி முகத்தில் சுற்றினாள்.

திரும்பிப் பார்த்தேன்.
பதினெட்டு.
பச்சை.

(அதற்குத் தூசுதான் தெரியும்,
வாயு தெரியாது என்று
சர்வீஸ்காரர் பிறகு சொன்னார்.
எங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது
வாங்குகிற அன்று.)

விரைவுச் சாலையில்
நிற்கிற லாரிகளுக்கு நடுவே ஓடினோம்.
ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அவருடையது.
திருவொற்றியூரில் ஏதோ கல்யாண மண்டபத்து வாசல்,
'வருக வருக' பொம்மைக்குக் கீழே
விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
ரமீஜா பேசவில்லை. நானும்.
தண்ணீர் பாக்கெட்டை அவள் கடித்துத் திறந்து
என்னிடம் முதலில் நீட்டினாள்.

காலையில் வந்தால்
அது ஓடிக்கொண்டே இருந்தது.
யாருமில்லாத கட்டிலைச் சுற்றி
ராத்திரி முழுக்கக் காற்றைக் கழுவியபடி.

பதினோராம் வாரம் ஃபில்டர் கறுத்தது.
ஒரு வருடம் உழைக்கும் என்று
அட்டையில் போட்டிருக்கிறது.
எந்த ஊரில் என்று போடவில்லை.

இப்போது கதவிடுக்கில் நைட்டி கிடையாது.
சின்னத் தலையணை கட்டில்மேல் இருக்கிறது.
எட்டரைக்கெல்லாம் நாலு பிள்ளைகள்
குறுக்கும் நெடுக்குமாய்.
எண் எழுபதுக்குக் கீழே இறங்குவதேயில்லை.
இன்னும் ஆறு டியூ பாக்கி.